பதிவேட்டுப் பெயரும் பாத்திரமும்: வளரும் பருவத்தைச் சொல்லும் தமிழ்ப் புனைவுகள்

(குருவிநத்தத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்விக்காக அறக்கட்டளை வைப்பது இந்தப் பாகூர் வட்டாரத்துக்குப் புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கொடுத்த மன்னனின் பெயர் அதில் உண்டு. ஊர்களின் பெயரும் எல்லையும் உண்டு. அங்கே தங்கிப் படித்த ஒரு மாணவனின் பெயர்கூட இல்லை. அவன் எந்த வயதில் வந்தான், எதைப் பிரிந்து வந்தான், படிப்பு அவனை என்ன செய்தது என்பதெல்லாம் செப்பேடு சொல்ல வேண்டியவையும் அல்ல. ஒரு பிள்ளையின் உள்ளே நடப்பதை எழுதும் பொறுப்பு பிற்காலத்தில் நாவலிடமும் சிறுகதையிடமும் வந்து சேர்ந்தது.

ஆளாகி வரும் பிள்ளைகளைப் பற்றிய புனைவுகளே இன்றைய உரையின் பொருள். அவற்றில் ஒரு பாத்திரம் எப்படி உருவாகிறது? ‘நான் யார்’ என்ற கேள்விக்கு அந்தப் பாத்திரம் எங்கிருந்து விடை தேடுகிறது? தமிழ்க் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று துலங்குகிறது. பெயர், சாதி, மதம், ‘வயதுக்கு வந்தவள்’ என்ற முத்திரை, பள்ளிப் பதிவேட்டுக் குறிப்பு என்று பிறர் எழுதிவைத்த ஓர் அடையாளம் பிள்ளைக்கு முன்பே வந்து வாசலில் நிற்கிறது. அதை ஏற்பதா, எதிர்ப்பதா, மாற்றி எழுதுவதா என்ற இழுபறியில்தான் அந்தப் பிள்ளை வளர்கிறது. அந்த இழுபறியை நேர்மையாகக் காட்டும் எழுத்தாளரின் கையில்தான் பாத்திரத்துக்கு உயிர் வருகிறது.

பெயரற்ற தலைவியும் பெயருள்ள நாயகனும்

குழந்தைப் பருவத்தைப் பாடுவதில் தமிழுக்குக் குறையில்லை. பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களை வகுத்தது. காப்பு முதல் அம்புலி வரை ஏழும் இருபாலாருக்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆண்பாலுக்கு. நீராடல், அம்மானை, ஊசல் பெண்பாலுக்கு. உலா நூல்கள் பெண்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு வயதுப் படிகளில் நிறுத்தின. ஆனால் இந்தப் பருவங்கள் எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்தவை. பிள்ளைத்தமிழில் முருகனும் மீனாட்சியும் பருவங்களைக் கடக்கிறார்கள், அவற்றால் மாறுவதில்லை.

சங்க அகப்பாடல்கள் இன்னும் நெருங்கிப் போயின. பருவம் எய்திய மகளை வெளியே விடாமல் வீட்டுக்குள் வைத்துக் காக்கும் இற்செறிப்பு, அன்னையின் ஐயம், தோழியின் துணிவு எல்லாம் அங்கே உண்டு. ஆயினும் ஐந்திணை அகத்தில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயரில்லாததால் அந்த உணர்வு எந்தக் காலத்துக்கும் எவருக்கும் பொருந்தியது. அகப்பாடலின் பெருமை அது.

நாவல் எதிர்த்திசையில் நடந்தது. அதற்குக் குறிப்பிட்ட ஊர் வேண்டும், தெரு வேண்டும், பெயர் வேண்டும். 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாயகனின் இளமையையும் கல்வியையும் சொல்லியே கதையைத் தொடங்குகிறது. அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் வந்தது; நாராயணன் என்ற இளைஞனின் படிப்பும் மனக்குழப்பமும் அதில் பெரும்பகுதி. அதே மாதவையா 1903இல் வெளியிட்ட ‘முத்துமீனாட்சி’யில், குழந்தைப் பருவத்திலேயே மணம் முடிக்கப்பட்டு விதவையான ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். ‘எனக்கு இப்படிச் செய்தார்கள்’ என்று ஒரு தமிழ்ப் பெண் பாத்திரம் தன் வாயால் சொன்ன தொடக்கக் கதைகளில் அது ஒன்று.

ஐரோப்பாவில் இந்த வகை நாவலுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது ஜெர்மானியக் கவிஞர் கெதே 1795, 96இல் வெளியிட்ட ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’. வணிகர் மகன் வீட்டை விட்டு நாடகக் குழுவோடு அலைந்து, தன்னை உணர்ந்து, உலகில் தனக்கோர் இடம் தேடிக்கொள்கிறான். சார்லஸ் டிக்கன்ஸ் 1860, 61இல் தொடராக எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில், தன் முழுப்பெயரை உச்சரிக்க வராத அனாதைச் சிறுவன் தனக்குத் தானே ‘பிப்’ என்று பெயரிட்டுக்கொள்கிறான். பின்னால் அவனுக்குப் பெருஞ்சொத்து வரும்போது, அந்தப் பெயரை ஒருநாளும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. உதவுபவர்கூடப் பெயரைப் பிடித்து வைத்துக்கொள்கிறார் என்று டிக்கன்ஸ் கண்டது, தமிழ்ப் புனைவுக்கு மிக அருகில் உள்ள நுட்பம்.

புதுப்பட்டியிலிருந்து வந்த இரண்டு நூல்கள்

விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் ஒரு தலித் கிறித்தவக் குடும்பம். தந்தை இராணுவத்தில் வேலை பார்த்தவர். அந்த வீட்டு மகளும் மகனும் பின்னாளில் தம் வளரும் பருவத்தை எழுதினார்கள். மகள் பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அண்ணன் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வந்தது. புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து, 2024இல் மறைந்த ராஜ் கௌதமனை இந்த அவையில் ஆசிரியராகவே அறிந்தவர்களும் இருக்கக்கூடும்.

ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே சாதி, ஒரே கோயில் மணி. ஆனால் இரண்டு நூல்களும் இரண்டு வழியில் ஆளை உருவாக்குகின்றன.

‘கருக்கு’ தன்மையில் பேசுகிறது. சொல்பவள் தன் பெயரை முன்னிறுத்துவதில்லை. தெருவின் பேச்சுமொழியிலேயே கதை நடக்கிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளி விட்டு வீடு திரும்புகிறாள். பத்து நிமிடத்தில் கடக்கக்கூடிய வழி அவளுக்கு அரை மணி, ஒரு மணி என்று நீள்கிறது. கடைத்தெருவில் குரங்காட்டி, பாம்பாட்டி, தின்பண்டக் கடைகள், கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் என்று எதையும் விடாமல் நின்று பார்க்கிறாள். அப்போது அவள் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஆதிக்க சாதிக்காரரிடம் கொடுக்கிறார். சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதற்காகத்தான் அப்படித் தூக்கிப் போனார் என்கிறான். அவள் சிரிப்பு நின்றுபோகிறது, கோபம் மூள்கிறது.

இந்த ஒரு காட்சியில் பாத்திரப் படைப்பின் பாடம் முழுவதும் இருக்கிறது. பாமா அந்தச் சிறுமியின் நிறம், உயரம், குணம் எதையும் பட்டியலிடவில்லை. அவள் எதைப் பார்க்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள், எந்த நொடியில் சிரிப்பு நிற்கிறது என்று மட்டும் காட்டினார். நாம் அவளை அறிந்துகொள்கிற அதே நொடியில், ஊர் தன்னை யாராக வைத்திருக்கிறது என்பதை அவளும் அறிகிறாள். நன்றாகப் படி என்று அண்ணன் சொல்லும் சொல்லை அவள் பிடித்துக்கொள்கிறாள். பின்னாளில் துறவு மடத்தில் சேர்ந்து, அங்கும் அதே பாகுபாட்டைக் கண்டு, வெளியே வந்து இந்த நூலை எழுதினார் பாமா.

அண்ணன் எடுத்த வழி வேறு. புஷ்பராஜ் என்ற இயற்பெயர் கொண்ட ராஜ் கௌதமன், தன் வாழ்வை எழுத உட்கார்ந்தபோது ‘நான்’ என்று தொடங்கவில்லை. சிலுவைராஜ் என்று ஒருவனைப் படைத்து, அவனைத் தள்ளி நிறுத்தி, படர்க்கையில் எழுதினார். அந்தத் தூரம் அவருக்கு எள்ளலைக் கொடுத்தது. சிலுவைராஜின் அச்சங்களையும் அற்பத்தனங்களையும் பாதிரியார்களிடமும் ஆசிரியர்களிடமும் அவன் பட்டதையும் ஒளிக்காமல் எழுத முடிந்தது. தன் மீது இரக்கம் கோராத தலித் வாழ்க்கைக் கதை என்பதே அந்த நாவலின் தனிப்பெருமை.

அதன் முடிவு தமிழ் நாவல்களில் மிகக் கூர்மையான முடிவுகளுள் ஒன்று. படித்துப் பட்டம் பெற்ற சிலுவைராஜுக்கு வேலை கிடைப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறித்தவராக இருப்பவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். தெருவில் அவனைத் தீண்டத்தகாதவனாக நடத்தியவர்கள் அவனுடைய மதத்தைப் பார்த்ததில்லை. வேலைக்கான சான்றிதழ் அதை மட்டுமே பார்க்கிறது. சிலுவைராஜ் இந்துவாக மதம் மாறுகிறான். நாவலின் தலைப்பிலேயே சிலுவையைச் சுமந்தவன் ஒரு தாளுக்காக அதை இறக்கி வைக்கிறான். அவன் உள்ளே மாறினானா என்ற கேள்வியைச் சான்றிதழ் கேட்பதில்லை. நாவல் அதைக் கேட்கிறது. கெதேயின் நாயகன் தேடி அடைந்த ‘உலகில் ஓர் இடம்’ சிலுவைராஜுக்கும் கிடைக்கிறது. அதற்காக அவன் தன் மதத்தையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

மேய்ச்சல் காடும் தலைமறைவுக் காடும்

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000இல் வெளியானது. கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில், கவுண்டர் பண்ணைகளில் ஆண்டுக் கூலிக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சிறுவர் சிறுமியரின் கதை. அவர்களுடைய பெயர்களைப் பாருங்கள்: கூளையன், நெடும்பன், வவுறி, மொண்டி, செவிடி. குள்ளமானவன், நெடியவன், வயிறு பெருத்தவள், கால் ஊனமுற்றவன், காது கேளாதவள் என்று ஊர் அவர்கள் உடம்பை மட்டும் பார்த்துச் சூட்டிய பெயர்கள். பண்ணையக்காரர் மகனுக்கோ செல்வன் என்ற முறையான பெயர் இருக்கிறது.

இங்கே எழுத்தாளர் ஒரு தந்திரம் செய்கிறார். பெயர்களை மாற்றவில்லை. அந்தப் பெயர்களுக்குள் ஊர் பார்க்காத மனிதர்களைக் கொண்டுவந்து நிரப்புகிறார். கூளையனுக்கு ஒவ்வொரு ஆட்டின் சுபாவமும் தெரியும். எந்தப் புதரில் என்ன பழுக்கும், எந்தக் கிணற்றில் எவ்வளவு நீர் என்பது தெரியும். காட்டில் இருக்கும்வரை அவர்கள் விளையாட்டும் சண்டையும் பகிர்வுமாக முழு மனிதர்கள். பண்ணை வாசலுக்குத் திரும்பியதும் மறுபடி கூளையனும் செவிடியும் ஆகிறார்கள். செல்வனும் கூளையனும் ஒன்றாக விளையாடிய காலம் உண்டு. வயது ஏற ஏற ஒருவன் முதலாளியாகவும் மற்றவன் ஆளாகவும் ஆகிறார்கள். அந்தச் சிறுவர்களுக்கு வளர்வது என்பதே பிரிவாக இருக்கிறது.

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டு ஓடும் 15 வயதுச் சிதம்பரம், தந்தையோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாள்களே கதை. கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி நாவல் முழுவதும் தண்ணீர் தேடுவது, சோறு பொங்குவது, வீட்டை நினைப்பது, அப்பனும் மகனும் பேசிக்கொள்வது. பூமணி அவனை வீரனாக்கவில்லை, குற்றவாளியாகவும் ஆக்கவில்லை. பசிக்கிறவனாக, அம்மாவையும் தங்கையையும் நினைத்து ஏங்குகிறவனாக, அப்பனிடம் கேட்டுக் கேட்டு உலகத்தைத் தெரிந்துகொள்கிறவனாகக் காட்டினார். கொலைகாரன் என்று ஊரும் போலீசும் சொல்லப்போகும் பெயருக்கு வெளியே அவன் இன்னும் பிள்ளையாகவே இருக்கிறான்.

2019இல் இந்த நாவலை வெற்றிமாறன் ‘அசுரன்’ என்ற திரைப்படமாக்கினார். படத்தின் மையம் மகனிடமிருந்து தந்தை சிவசாமியிடம் போனது. தனுஷ் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். படத்துக்கு அது பலம் சேர்த்தது. ஆனால் நாவலைப் படித்தவர் ஒன்றை உணர்வார். பார்வை தந்தையிடம் போனதும், சிறுவன் ‘காப்பாற்றப்பட வேண்டியவன்’ ஆகிவிடுகிறான். நாவலில் அவனே பார்க்கிறான், அவனே எடை போடுகிறான். யார் கண் வழியாகக் கதை நடக்கிறது என்பதே யார் வளர்கிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. எழுத விரும்பும் இளைஞர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

இவற்றோடு ஆதவனின் ‘என் பெயர் ராமசேஷன்’ (1980) நாவலை வைத்துப் பார்க்க வேண்டும். கல்லூரி மாணவன் ராமசேஷனின் சிக்கல், சூழலுக்கொரு முகமூடியை மாட்டிக்கொண்டு, எது தன் முகம் என்று தெரியாமல் திகைப்பது. உண்மையான வேதனைதான் அது. ஆயினும் முகமூடிகளை மாற்றிப் பார்க்க அவனுக்கு வாய்ப்பிருந்தது. கூளையனுக்கு அது ஒருபோதும் கிடைக்கவில்லை. தன் அடையாளம் ஒரு கேள்வியாகவே எழாமல் வளர முடிவதும், அதைத் தத்துவக் கேள்வியாக வைத்துக்கொள்ள முடிவதும் எல்லாருக்கும் கிடைக்காத வசதிகள்.

வயதுக்கு வந்த பிறகு

பெண்பிள்ளைகளின் கதையில் வளர்ச்சி ஒரே நாளில் தடுத்து நிறுத்தப்படுகிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வந்தது. குமரி மாவட்டத்துப் பனைவிளைகளின் நடுவே, நொடித்துப் போன பெரிய வீட்டுப் பேத்தி லிஸி. ஓடித் திரிந்த சிறுமி பெரியவளானதும் பள்ளிப்படிப்பு நிற்கிறது, வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். சங்கப் பாடலின் இற்செறிப்பு 20ஆம் நூற்றாண்டிலும் அப்படியே தொடர்கிறது. பனையேறி மகன் தங்கராஜ் மீது அவள் வைத்த அன்பை வீடு ஏற்கவில்லை. லிஸி எதிர்த்துக் கூச்சலிடுகிறவள் அல்லள், காத்திருக்கிறவள். வெளியே ஒன்றும் நடக்காத ஆண்டுகளில் ஒரு பெண்ணின் மனம் எப்படி உறுதிப்படுகிறது என்பதை ஹெப்சிபா மிகச் சில சொற்களில் எழுதினார்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தது. முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஒரு சிற்றூரில், பருவமடையும் வயதை நெருங்கும் சிறுமி ராபியா. சுற்றியுள்ள பெரியவர்களின் திருமணங்களையும் கிசுகிசுக்களையும் ரகசியங்களையும் அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. தனக்கு என்ன காத்திருக்கிறது என்பதை அந்தப் பெண்களின் வாழ்விலிருந்தே அவள் படிக்கிறாள். ஆண்பிள்ளைக் கதையில் நாயகன் உலகத்துக்குள் நடந்து போகிறான். ராபியாவின் உலகமோ கதவுக்கும் சன்னலுக்கும் வந்து அவள் காதில் விழுகிறது. அதனால்தான் அந்த நாவலில் பாத்திரங்கள் செயலால் அறியப்படுவதைவிடப் பேச்சால் அறியப்படுகிறார்கள். பள்ளியிலிருந்து சிறு வயதிலேயே நிறுத்தப்பட்டவர் சல்மா. பின்னாளில் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவராகவும் ஆனார்.

வரலாறு தெருவுக்கு வரும்போது

சில பிள்ளைகளை வளர வைப்பது வீடும் பள்ளியும் மட்டுமல்ல, நாட்டின் வரலாறே. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977இல் வந்தது. ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேர மறுத்த 1947, 48ஆம் ஆண்டுகளில், செகந்தராபாத்தில் வாழும் ரயில்வே ஊழியர் மகன் சந்திரசேகரனின் கதை. அவனுக்குக் கிரிக்கெட்தான் முக்கியம். சமஸ்தானத்தின் ஆதரவுப் படையினரான ரஜாக்கர்களும் அகதிகளும் கல்லூரி மறியல்களும் அவன் விளையாட்டின் ஓரத்தில்தான் முதலில் தெரிகிறார்கள். கதைசொல்லல் படர்க்கைக்கும் தன்மைக்கும் மாறி மாறி நகர்கிறது. சில பக்கங்களில் ஆசிரியர் அவனைப் பார்க்கிறார், சில பக்கங்களில் அவனே பேசுகிறான். தன்னை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் மாறி மாறிப் பார்க்கிற அந்த வயதின் இயல்பு, நாவலின் இலக்கணத்திலேயே ஏறிவிட்டது.

1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைகிறது. கலவரத்தின்போது சந்திரசேகரன் ஒரு வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே போகிறான். அங்கிருந்த ஏழை முஸ்லிம் குடும்பத்துச் சிறுமி, தன் வீட்டாரை விட்டுவிடும்படி கெஞ்சி, தன் உடையைக் களையத் தொடங்குகிறாள். தன்னை யாராக நினைத்து அவள் அப்படிச் செய்தாள் என்பது புரிந்ததும் அவன் அருவருப்பும் அவமானமும் தாங்காமல் ஓடுகிறான். அவன் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அவள் கண்ணில் அவன் வெறியாட்டம் போடுகிற கூட்டத்தில் ஒருவன். அவன் ஒருபோதும் கேட்காத அடையாளம் அந்த நொடியில் அவன் மேல் விழுகிறது. அங்கேயே நாவலின் சிறுவன் முடிந்துபோகிறான்.

ஈழத்தில் போர் பிள்ளைகளையே எடுத்துக்கொண்டது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வந்தது. இளம் வயதில் ஆயுத இயக்கத்தில் சேர்ந்து, வெளியேறி, பிரான்சில் தஞ்சம் கேட்டு நிற்பவனின் கதை. தஞ்சம் கோரும் விண்ணப்பத்தின் வடிவிலேயே அது தொடங்குகிறது. ஊரில் தந்தைக்கு இருந்த பட்டப்பெயர் மகனையும் விடாமல் துரத்துகிறது. அரசு அதிகாரி நம்பும்படி தன் வாழ்க்கையைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் இருப்பவனுக்கு, தான் யார் என்பது தீர்ப்பைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

தமிழாசிரியர் பார்த்த மரி

புதுச்சேரியின் பிரபஞ்சன் 1945இல் பிறந்து 2018இல் மறைந்தார். ‘வானம் வசப்படும்’ நாவலுக்காக 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அத்தகைய பெரிய நாவல்களுக்கு நடுவே, ‘மரி என்கிற ஆட்டுக்குட்டி’ என்ற அவருடைய சிறுகதை, இந்த அவையிலுள்ள ஒவ்வொரு ஆசிரியரும் படிக்க வேண்டியது. அற்புத மரி என்ற மாணவி பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை, யாருக்கும் அடங்குவதில்லை. மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியர் நினைக்கிறார். தமிழாசிரியர் தன் மனைவி சுமதியோடு அவள் வீட்டுக்குப் போகிறார். சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாத வீடு அது. அந்தத் தம்பதியர் அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை. தங்கள் வீட்டில் ஒருத்தியாக வரவேற்கிறார்கள். திமிர் பிடித்தவள் என்று பள்ளி எழுதி வைத்திருந்த பெண்ணுக்குள்ளிருந்து, அன்புக்கு ஏங்கிய சிறுமி மெல்ல வெளிவருகிறாள்.

மரி திருந்தினாள் என்று பிரபஞ்சன் எழுதவில்லை. அவளைப் பார்க்கிற கண் மாறியது, அதனால் அவள் நமக்கும் வேறாகத் தெரிந்தாள்.

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையிலும் இதே உண்மை வேறு வடிவில் இருக்கிறது. அந்தப் பெயரிலான தொகுப்புக்கு 1970இல், அவர் மறைவுக்குப் பின், சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. மற்றக் குழந்தைகளுக்கு டைரி கொடுத்த பெரியவர் சாரங்கனுக்குக் கொடுக்கவில்லை. அவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, தன் பெயரைச் சொல்லி, அதைத் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதித் தரும்படி கேட்கிறான். அவனுக்கு டைரி தேவையில்லை. இன்னொருவர் கையால், அன்போடு, தன் பெயர் எழுதப்பட வேண்டும் என்பதே தேவை. பிள்ளையின் அடையாளம் என்று உளவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அழகிரிசாமி ஒரு சிறுவனின் ஒரே வேண்டுகோளில் வைத்துவிட்டார்.

ஓர் எச்சரிக்கை

இவற்றையெல்லாம் இன்று வகுப்பறையில் சொல்லித்தரும்போது ஒரு தவறு நேர்கிறது. ‘சிலுவைராஜ் தலித் அடையாளத்தின் குறியீடு, லிஸி பெண்ணடிமைத்தனத்தின் குறியீடு, ராபியா இஸ்லாமியப் பெண்ணின் குறியீடு’ என்று மாணவர் எழுதுகிறார், மதிப்பெண்ணும் பெறுகிறார். அப்படி எழுதும்போது அந்தப் பாத்திரங்களை மறுபடியும் பதிவேட்டுக்குள் தள்ளிவிடுகிறோம். ஊர் கூளையனை உடம்பாகப் பார்த்தது போல, திறனாய்வு அவனைச் சாதியாக மட்டும் பார்ப்பது எந்த வகையில் மேல்? சாதியைப் பேசாமல் அந்த நாவலைப் படிக்க முடியாது. சாதியோடு நிறுத்திக்கொண்டால் படித்ததாகவும் ஆகாது. பூமணி ‘வெக்கை’யை எழுதியது சிதம்பரம் எந்தச் சமூகத்தின் பிரதிநிதி என்று சொல்வதற்காக மட்டுமல்ல. மலையில் அவனுக்குப் பசித்தது எப்படி என்று சொல்வதற்கும்தான்.

1962இன் பிள்ளைகள்

புதுச்சேரி மண்ணுக்கே உரிய ஒரு வளர்பருவ அனுபவம் உண்டு. வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில், 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குச் சட்டப்படியான கைமாற்றம், ஓர் ஒப்பந்தத்தின் வழியாக, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. அந்த ஒப்பந்தத்தின்படி, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் அறிவிப்பே தீர்மானித்தது. தந்தை இல்லாவிட்டால் தாய், இருவரும் இல்லாவிட்டால் பாதுகாவலர். மணமான ஆண்பிள்ளை 16 வயதைக் கடந்திருந்தால் தானே தெரிவு செய்யலாம்.

அதற்கு முன்பே, 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை வழியாக, தம் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். பெயரும் குடியுரிமையும் ஒரு கையெழுத்தில் மாறக்கூடியவை என்பதை இந்தச் சிறு நிலப்பரப்பு இருமுறை பார்த்திருக்கிறது.

1962இல் தந்தையின் கையெழுத்தால் ஒரு நாட்டவரான பிள்ளைகள் என்ன நினைத்தார்கள்? ஒரு தெருவில் சேர்ந்து விளையாடிய இருவர், ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாகவும் மற்றவர் இந்தியக் குடிமகனாகவும் ஆனபோது, அந்த நட்பு என்ன ஆயிற்று? பிரெஞ்சு இராணுவத்துக்குப் போனவர் வீட்டிலும் போகாதவர் வீட்டிலும் பிள்ளை வளர்ப்பு எப்படி வேறுபட்டது? இவை பாமாவும் ராஜ் கௌதமனும் தம் ஊருக்குக் கேட்டது போன்ற கேள்விகள். அவர்களுக்கு விடை சொல்ல ஒரு வீடு போதுமாயிருந்தது.

அந்த ஆண்டில் பதினெட்டைத் தொடாதிருந்தவர்கள் எல்லாரும் இன்று அறுபதைக் கடந்த முதியவர்கள். பாகூரிலும் வில்லியனூரிலும் அவர்கள் இன்னும் நம் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். குருவிநத்தத்து மாணவர்களிடம் இவ்வுரை வைக்கும் வேண்டுகோள் இது: அவர்களிடம் போய்க் கேளுங்கள், சொல்வதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள், பிறகு உங்கள் கற்பனையால் அதைக் கதையாக்குங்கள். ஆசிரியர்களிடம் வைக்கும் வேண்டுகோளும் ஒன்று உண்டு. இங்கே பேசப்பட்ட நூல்களை உங்கள் பள்ளி நூலகத்துக்கு வாங்கி வையுங்கள். வகுப்பில் முதலில் படிக்க, ஒரு பாடவேளையில் முடிந்துவிடும் ‘மரி என்கிற ஆட்டுக்குட்டி’யைத் தேர்ந்துகொள்ளுங்கள்.